கணக்கு எங்க இடிக்குது? – நீட் கேள்வி பதில்

போன இதழ்ல நான் நீட்டுக்குப் படிச்ச கதைய ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். படிக்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். துறையூர்ல எங்கப்பா மளிகைக் கடை வெச்சிருக்காரு, 2019ல பிளஸ் டூ முடிச்ச கையோட எழுதின நீட்ல எனக்கு 720க்கு 409, அடுத்த வருஷம் வீட்ல இருந்து படிச்சு எழுதினதுல 681, இப்போ கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஹவுஸ் சர்ஜனா இருக்கேன். அவ்ளோதான் கதை. இதுக்குப் போய் இத்தனை லெட்டர், இத்தனை வாய்ஸ் நோட்டு வரும்னு எடிட்டர் மேடமே எதிர்பார்க்கலயாம். நைட் டூட்டில கேஸ் வராத நேரமா பாத்து உக்காந்து எழுதுறேன், அங்கங்க கோர்வை விட்டுப் போனா கண்டுக்காதீங்க. ஒரே கேள்விய பத்து பேர் கேட்டிருந்தா ஒருத்தரோடத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிச்சீங்க? பதினாறு மணி நேரம் படிச்சாத்தான் சீட்டுனு எங்க சார் சொல்றார்.
– ர.வி., பெரம்பலூர்

தம்பி, பதினாறு போக மிச்சம் எட்டு மணி நேரம், அதுலயே தூங்கணும், குளிக்கணும், சாப்பிடணும், பஸ்ல போகணும், சாரையே ஒரு வாரம் இருந்து காட்டச் சொல்லு. நான் முதல் தடவ பதினாலு மணி நேரம் படிச்சவ. மார்ச்ல பப்ளிக் எக்ஸாம் முடிஞ்ச உடனே ஒரு ஹாஸ்டல் கிராஷ் கோர்ஸ்ல சேத்து விட்டாங்க, காலைல அஞ்சுக்கு பெல்லு, ராத்திரி பதினொண்ணுக்கு லைட் ஆஃப், நடுவுல பூரா கிளாசும் ஸ்டடி அவரும். புக்கு மேலயே தூங்கி விழுந்து ஹைலைட்டர் மை கன்னத்துல ஒட்டியிருக்கும், அதையும் படிச்ச நேரத்துலதான் சேத்து எழுதினேன். வந்தது 409. ரெண்டாவது வருஷம் ஒம்பது மணி நேரம், சில நாள் எட்டு, ஞாயித்துக்கிழம அரை நாள் லீவு. தூக்கம் மட்டும் ஏழு மணி நேரம், அதுல கை வைக்கல.

ஒரே வருஷத்துல 272 மார்க் ஏறுச்சுங்கறத நம்ப முடியல. பெரிய கோச்சிங் ஏதோ போயிட்டு மறைக்கிறீங்க.
– பேர் போடாதவர், சேலம்

மறைக்க ஒண்ணும் இல்லீங்க. டெஸ்ட் சீரிஸ் ஒண்ணுக்குப் பணம் கட்டினேன், அது உண்மை. மத்தபடி நடந்தது என்னன்னா, ரிசல்ட் வந்து நாலு நாள் நான் ரூம விட்டு வெளிய வரல, அஞ்சாவது நாள் ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சப்போ அப்பா கூடத்துல கல்லாப் பணத்தக் கொட்டி வெச்சு எண்ணிட்டு இருந்தாரு. மணி பதினொண்ணரை இருக்கும். முப்பது ரூபா இடிக்குதுன்னாரு. முப்பது ரூபாதானப்பா, விடுங்க, போய்ப் படுங்கன்னேன். அவரு தலையக்கூட தூக்காம, "முப்பது ரூபா போனா போகுது, எந்த வழியா போச்சுன்னு தெரியலன்னா நாளைக்கும் அதே வழியா போகும்ல"ன்னுட்டு மறுபடி பற்று நோட்ட முதல் பக்கத்துலேருந்து பொரட்ட ஆரம்பிச்சிட்டாரு. கடைசில பாத்தா யாரோ ஒரு கிலோ உளுந்து வாங்கினத அரை கிலோன்னு எழுதி வெச்சிருந்திருக்காரு.

மறுநாள் நான் என்னோட கொஸ்டின் பேப்பர், ஓ.எம்.ஆர். (விடைக்கு வட்டத்த ஷேட் பண்ற தாள்) காப்பி, ஆன்சர் கீ மூணையும் எடுத்து வெச்சுக்கிட்டேன். அதுவரைக்கும் அதத் திரும்பிப் பாக்கவே அருவருப்பா இருந்துச்சு. 180 கேள்வில 112 சரி, 39 தப்பு, 29 விட்டது. 112க்கு நாலு நாலா 448, தப்புக்கு 39 கழிச்சா 409, கணக்கு சரியா வந்துச்சு. இப்போ அந்த 39ம் எந்த வழியா போச்சுன்னு ஒவ்வொண்ணா உக்காந்து பாத்தேன். சுத்தமா தெரியாதது 11. படிச்சு மறந்தது 9. கேள்விய ஒழுங்கா வாசிக்காதது 10, அதாவது 'தவறானது எது'ன்னு கேட்டிருக்கான், நான் சரியானத தேடிப் பிடிச்சு ஷேட் பண்ணிட்டு வந்திருக்கேன். கூட்டல் பெருக்கல்ல சறுக்கினது 7. பேப்பர்ல சரியா டிக் அடிச்சிட்டு ஓ.எம்.ஆர்.ல வேற வட்டத்துல போட்டது 2. கடைசி மூணையும் கூட்டினா 19. ஒரு தப்புக்கு வர வேண்டிய நாலு போய் மேல ஒண்ணு பிடிக்கிறாங்க, ஆக அஞ்சு, 19 அஞ்சு 95. எனக்குத் தெரிஞ்ச பாடத்துலயே 95 மார்க்க கொட்டிட்டு வந்திருக்கேன், ஆனா நாலு நாளா நான் அழுதது 'எனக்கு மண்டைல ஏறல'ன்னு.

அன்னைக்கே கடைலேருந்து 192 பக்கம் லாங் சைஸ் நோட்டு ஒண்ணு எடுத்தேன். அதுதான் தப்பு நோட்டு. ஒவ்வொரு டெஸ்ட் முடிஞ்சதும் தப்பான கேள்விய சுருக்கி எழுதி, ஓரத்துல ஒரு எழுத்து. 'தெ'ன்னா தெரியல, 'ம'ன்னா மறந்துட்டேன், 'வா'ன்னா வாசிக்கல, 'க'ன்னா கணக்கு, 'வ'ன்னா வட்டம் மாத்திப் போட்டது. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. 'தெ' வந்தா அந்தப் பாடத்தப் போய்ப் படிக்கணும். 'ம' வந்தா மூணு நாள் கழிச்சு, பத்து நாள் கழிச்சு, ஒரு மாசம் கழிச்சு மறுபடி கேட்டுப் பாக்கணும். 'வா' வந்தா எவ்ளோ படிச்சாலும் தீராது, அதுக்கு நான் பண்ணினது ரொம்ப சில்லறை வேலை, கேள்வில 'தவறான', 'அல்ல', 'தவிர'ன்னு வந்தா பேனாவால வட்டம் போட்டுட்டுத்தான் ஆப்ஷனுக்கே போவேன். ஆரம்பத்துல ஒரு டெஸ்ட்டுக்கு ஏழெட்டு 'வா' வந்துச்சு, தீபாவளி வாக்குல ரெண்டா குறைஞ்சுது, பொங்கலுக்கு அப்புறம் எப்பவாவது ஒண்ணு. முக்காவாசிப் பேர் பண்றது என்னன்னா எந்தத் தப்பு வந்தாலும் மறுபடி முதல்லேருந்து படிக்கிறது. தலைவலிக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை குடுத்தா எப்படி?

681 வந்த பேப்பர்ல 171 சரி, 3 தப்பு, 6 விட்டது. அந்த மூணும் என்னன்னு இன்னைக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், ரெண்டு 'தெ', ஒரு 'வா'. அந்த 'வா' இன்னும் ஆறல.

ஒண்ண மட்டும் சொல்லணும், எனக்குக் கூடுதலா நாலு மாசம் கிடைச்சுது. 2020 மே 3ஆம் தேதி நடக்க வேண்டியது கொரோனாவால ஜூலை 26க்குப் போயி, அங்கேருந்து செப்டம்பர் 13க்குப் போச்சு. அந்த லாக்டவுன்ல மனசு ஒடிஞ்சவங்களும் உண்டு, என்னை மாதிரி ஓட்டைய அடைச்சவங்களும் உண்டு. அத மறைச்சிட்டு நான் பெரிய அறிவாளின்னு சொல்லிக்க முடியாது.

சமச்சீர் புக்கா, என்.சி.இ.ஆர்.டி.யா? என்.சி.இ.ஆர்.டி.லயே பழசா புதுசா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.
– மா.செ., அறந்தாங்கி

நீட்டுக்கு என்.சி.இ.ஆர்.டி., அதாவது சி.பி.எஸ்.இ. பசங்க படிக்கிற சென்ட்ரல் கவர்மென்ட் புக்குதான் மூலம், பயாலஜிக்கு வரிக்கு வரி. நம்ம ஸ்டேட் போர்டு புது புக்கு ஒண்ணும் மட்டம் இல்ல, பிளஸ் ஒன் 2018லயும் பிளஸ் டூ 2019லயும் மாத்தினதுக்கு அப்புறம் நிறைய இடத்துல அதுலதான் விளக்கம் நல்லாருக்கு. ஸ்டேட் போர்டுல புரிஞ்சுக்கிட்டு என்.சி.இ.ஆர்.டி.ல உருப்போடுறதுதான் நான் பண்ணது.

பழசு புதுசு விஷயத்துல 2024ல நடந்த கூத்தத் தெரிஞ்சுக்கோங்க. பிசிக்ஸ்ல அணு பத்தி ஒரு கூற்றுக் கேள்வி. 'ஒவ்வொரு தனிமத்தோட அணுவும் நிலையானது'ங்கற மாதிரி ஒரு வாக்கியம் பழைய புக்குல இருந்துச்சு, புதுசுல 'பெரும்பாலான'ன்னு திருத்திட்டாங்க. பழைய புக்கு படிச்சவங்க போட்டதுக்கும் மார்க் குடுத்தாங்க, விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போச்சு, ஐ.ஐ.டி. டெல்லில கேட்டு ஒரே ஒரு விடைதான் சரின்னு முடிவாச்சு, 4 லட்சத்துக்கு மேல பசங்களுக்கு அஞ்சு மார்க் இறங்குச்சு. முதல் ரிசல்ட்ல 720க்கு 720ன்னு 67 பேர் இருந்தாங்க, கருணை மார்க் ரத்தானது, இந்தக் கேள்வி எல்லாம் போக கடைசில நின்னது 17. ஒரு வார்த்தை!

அதனால புது புக்கு. ஆனா புது புக்குல இல்லன்னா சிலபஸ்ல இல்லன்னு நினைச்சுடாதீங்க. கெமிஸ்ட்ரில பி பிளாக் தனிமங்கள புக்குலேருந்தே எடுத்துட்டாங்க, நீட் சிலபஸ்ல 13ஆம் குரூப்லேருந்து 18 வரைக்கும் இருக்கு. சிலபஸ் தாள பிரிண்ட் போட்டு செவுத்துல ஒட்டிட்டு அதப் பாத்துதான் புக்கத் திறக்கணும்.

பயாலஜில பேரும் நம்பரும் நிக்கவே மாட்டேங்குது அக்கா, காலைல படிச்சா சாயந்திரம் காலி.
– ஷா.ப., மேலூர்

எனக்கும் அப்படித்தான். இதுல எங்கம்மாதான் வாத்தியார். அம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, இங்கிலீஷ் வாசிக்க வராது, ஆனா நம்பர் வாசிப்பாங்கல்ல? கடைல நாள் காலண்டர்ல கிழிச்சுப் போடுற தாள சேத்து வெச்சு, பின்பக்கம் ஒவ்வொரு தாள்லயும் ஒரு நம்பர் பெருசா எழுதி, கீழ பொடியா தமிழ்ல விடை எழுதிக் குடுத்துட்டேன். அம்மா தோசை ஊத்திக்கிட்டே ஒரு தாள எடுத்து "125?"ம்பாங்க. "ஒரு நிமிஷத்துக்குக் கிட்னி வடிகட்டுற மில்லி"ம்பேன். "180?" "அதுவே ஒரு நாளைக்கு, லிட்டர்ல." "900?" "ஹோமோ எரக்டஸ் மூளை, சி.சி.ல." "1400?" "நியாண்டர்தால்." "புள்ளி எட்டு?" "இதயம் ஒரு சுத்து முடிக்க, செகண்ட்ல." தப்பா சொன்னா தோசை தட்டுக்கு வராது, கல்லுலயே கிடக்கும். ஒரு மாசம் போனதும் அம்மாவுக்கே பாதி மனப்பாடம், பக்கத்து வீட்டு அத்தைகிட்ட "நியாண்டர்தாலுக்கு நம்மள விட மூளை சின்னதுல்லாம் கிடையாதுடி"ன்னு சொல்லிட்டு இருந்தாங்க.

பேருக்கு எல்லாம் கிறுக்குத்தனமான கொக்கிதான். பென்னாடுலா கடல் பேனா, அது பேர்லயே பென்னு இருக்கு. கார்கோனியா கடல் விசிறி, கார்ல ஏசி இல்லன்னா விசிறிதான். மியாண்ட்ரினா மூளைப் பவளம், இதுக்கு மட்டும் கொக்கியே கிடைக்கல, எழுதி எழுதிப் பாத்ததுதான். கொக்கி அசிங்கமா இருக்க இருக்க நல்லா பிடிக்கும், எழுத முடியாத சிலதும் இருக்கு, விடுங்க.

படம் பாத்து படிக்காதீங்க, புக்க மூடிட்டு வரையுங்க. நெஃப்ரான அம்பது தடவையாவது வரைஞ்சிருப்பேன்.

பிசிக்ஸ்னாலே வயித்தக் கலக்குது. மாக் டெஸ்ட்ல 45ல 12 தாண்ட மாட்டேங்குது. பயாலஜிய வெச்சு ஒப்பேத்திக்கலாமா?
– தி.க., ஆரணி

ஒப்பேத்த முடியாது. பயாலஜில எல்லாருமே 320, 330ன்னு வாங்குறாங்க, ஆள ஆள் பிரிக்கிறது பிசிக்ஸ்தான். 2025ல பிசிக்ஸ் போட்ட போடுல நாடு பூராவும் ஒருத்தர்கூட 720 வாங்கல, முதல் மார்க்கே 686.

என் 409ல விட்டது 29ன்னு சொன்னேன்ல, அதுல 21 பிசிக்ஸ். அதுல 16 கேள்விய நான் கண்ணாலயே பாக்கல, நேரம் முடிஞ்சுபோச்சு. பயத்துல கடைசிக்குத் தள்ளி, கையில 35 நிமிஷம் இருக்கும்போதுதான் தொட்டேன். அடுத்த வருஷமும் கடைசிலதான் பண்ணேன், ஆனா நேரத்த முன்னாடியே வெட்டி வெச்சுட்டேன்: பயாலஜி 45 நிமிஷம், கெமிஸ்ட்ரி 45, பிசிக்ஸுக்கு 70, மிச்சம் 20 சரி பாக்க. பிசிக்ஸ ரெண்டு சுத்தா போனேன், முதல் சுத்துல பாத்த உடனே ஃபார்முலா தெரியறது மட்டும், யோசிக்க வைக்கிறது எதையும் தொடுறது இல்ல, ஓரத்துல ஒரு புள்ளி வெச்சிட்டு அடுத்தது. ஒரு கேள்விகிட்ட ரோஷப்பட்டு ஏழு நிமிஷம் மல்லு கட்டினா அடுத்த நாலு ஈசி கேள்விய அதுவே தின்னுடும்.

அப்புறம் கால்குலேட்டர் கிடையாதுங்கறத மறந்துட்டு ஃபோன்ல கணக்கு போட்டுப் பழகுறீங்க பாருங்க, அங்கதான் வினை. 'க' தப்பு பூராவும் அதுலதான் வரும். பத்தின் அடுக்க தனியா ஒதுக்கி வெச்சுட்டு நம்பர மட்டும் சுருக்கணும். பிளாங்க் மாறிலியையும் ஒளி வேகத்தையும் ஒவ்வொரு தடவையும் பெருக்காம 1240னு ஒரே நம்பரா வெச்சுக்கணும், அலைநீளம் 620 நானோமீட்டர்னா 1240ஐ 620ஆல வகுத்தா 2 எலக்ட்ரான் வோல்ட், வாயாலயே முடிஞ்சுது. ஆரமா விட்டமான்னு பாக்காமப் போட்டு நான் தொலைச்ச மார்க் எவ்ளோன்னு தப்பு நோட்டுல இருக்கு. எண்ணெய்ல விழுற குண்டோட முற்றுத் திசைவேகம் ஆரத்தோட வர்க்கத்துக்கு நேர் விகிதம், ஆரம் ரெண்டு மடங்குன்னா வேகம் நாலு மடங்கு, இது தெரிஞ்சும் ரெண்டுன்னு போட்டுட்டு வந்த ஆள் நான்.

தினமும் 15 கணக்கு. விடைய பத்து நிமிஷத்துக்கு முன்னாடி பாக்கக் கூடாது. முதல்ல என்.சி.இ.ஆர்.டி.ல செஞ்சு காட்டியிருக்கற கணக்க மூடி வெச்சு நீங்களே போடுங்க. கரண்ட் எலக்ட்ரிசிட்டி, செமிகண்டக்டர், அணு, அணுக்கரு எல்லாம் போட்ட உழைப்புக்குச் சீக்கிரம் மார்க் தரும், அங்க ஆரம்பிச்சா தெம்பு வரும். சுழற்சி இயக்கத்துல ஆரம்பிச்சு யாரும் உருப்பட்டதில்ல.

தெரியாத கேள்விக்கு 'சி' போடலாமா?
– ஜெ., நாகர்கோவில்

கணக்கு போட்டுப் பாருங்க. நாலு ஆப்ஷன்ல கண்ண மூடிட்டுப் போட்டா நாலுல ஒண்ணு சரி, மூணு தப்பு, அதாவது நாலு மார்க் வந்து மூணு போகும், நாலு கேள்விக்கு ஒரு மார்க் மிச்சம். ஒரு பிரயோஜனமும் இல்ல, ராசி கெட்டா மைனஸ்தான். ரெண்டு ஆப்ஷன் நிச்சயம் இல்லன்னு அடிச்சிட்டீங்கன்னா சராசரியா கேள்விக்கு ஒன்றரை மார்க் லாபம், தைரியமா போடலாம். ஒரு ஆப்ஷன்தான் அடிக்க முடிஞ்சுதுன்னா முக்கா மார்க்குக்கும் கம்மி, நான் அத விட்டுட்டேன். அந்த ஆறும் அப்படி விட்டதுதான்.

கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். பேப்பர் தமிழ்ல எடுக்கலாமா இங்கிலீஷ்ல எடுக்கலாமா?
– கோ.ச., அரூர்

தமிழ்ல படிச்சா தமிழ் பேப்பரே எடு தம்பி, அந்த புக்லெட்ல ஒவ்வொரு கேள்வியும் தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் இருக்கும். ஆனா மொழிபெயர்ப்புல சண்டை வந்தா இங்கிலீஷ்ல இருக்கறதுதான் கடைசி வார்த்தைன்னு ரூல். 2018ல தமிழ் பேப்பர்ல 49 கேள்வில மொழிபெயர்ப்புத் தப்புன்னு கேஸ் போட்டு, மதுரை பெஞ்ச் 196 மார்க் குடுக்கச் சொல்லி, அப்புறம் சுப்ரீம் கோர்ட்ல அது தள்ளுபடி ஆயிடுச்சு. அதனால கலைச்சொல்ல ரெண்டு மொழிலயும் தெரிஞ்சு வெச்சுக்கோ, ஒரு பக்கம் 'திசைவேகம்', எதிர்ல 'வெலாசிட்டி'ன்னு எழுதி ஒரு நோட்டு. தமிழ்ல வாசிச்சு ஏதோ இடறுதேன்னு தோணினா உடனே கண்ண இங்கிலீஷ் பக்கம் கொண்டு போ.

ஆறாவதுலேருந்து பிளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்னா உனக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, 2020லேருந்து. எங்க பேட்ச்தான் அதுல முதல் பேட்ச். என்கூட படிச்சவங்கள்ல அந்த வழியா வந்தவங்க முதல் வருஷம் அனாட்டமில திணறினது நிஜம், நானும்தான் திணறினேன், இப்போ அவங்கள்ல ஒருத்தன் ஊசி போட வெயின் கிடைக்கலன்னா நாங்க எல்லாரும் கூப்பிடுற ஆளு.

ஃபோன் இல்லாம படிக்க முடியுமா? டவுட் கிளியர் பண்ண வேணும்ல?
– பி.ஆர்., கோவை

டவுட்ட நாள் பூரா பேப்பர்ல எழுதி வெச்சுட்டு சாயந்திரம் அரை மணி நேரம் மொத்தமா பாரு. என் ஃபோன் கடைக் கல்லாப் பெட்டில இருந்துச்சு, எடுக்கணும்னா அப்பாகிட்ட கேக்கணும், அந்த மூஞ்சியப் பாத்தாலே கேக்கத் தோணாது.

என் பையன் ரெண்டாவது தடவை எழுதறான். டெஸ்ட்ல மார்க் இறங்கிட்டே வருது, சரியா பேச மாட்டேங்கறான், ராத்திரி தூங்கறது இல்ல. வீட்டுல டிவி கேபிளையே கட் பண்ணிட்டோம். இன்னும் என்ன பண்ணணும்னு சொல்லும்மா.
– ஒரு அம்மா, விருத்தாசலம்

அம்மா, முதல்ல கேபிள திரும்பப் போடுங்க. அவனுக்காக வீடே விரதம் இருக்குன்னா அந்த பாரம் பூரா அவன் தலைலதான் ஏறும். எங்க வீட்டுல ராத்திரி சீரியல் சத்தம் கேட்டுக்கிட்டேதான் நான் படிச்சேன், கதையும் தெரியும்.

டெஸ்ட் முடிஞ்சு வர்ற புள்ளகிட்ட மார்க் எவ்ளோன்னு கேக்கறத விட்டுடுங்க. நான் 520லேருந்து 460க்கு இறங்கின அன்னைக்கு அப்பா கேட்டது "எங்க இடிச்சுது?"ன்னு மட்டும்தான். அது கேள்வியும் இல்ல திட்டும் இல்ல, கடைல யாரையும் கேக்கற மாதிரி கேட்டாரு. நானும் நோட்டத் திறந்து காட்டினேன், அவருக்கு ஒண்ணும் புரியாது, 'க' நிறைய இருக்கே, கல்லாவ அவசரமா எண்ணினா எனக்கும் இப்படித்தான் ஆகும்னாரு. மார்க் இறங்குற டெஸ்ட்ல எந்தப் பாடம் வந்துச்சுன்னு பாருங்க, புதுப் பாடம் சேரச் சேர கொஞ்ச நாளைக்கு இறங்கத்தான் செய்யும்.

ஆனா தூக்கம் இல்ல, பேச்சு இல்லன்னு எழுதியிருக்கீங்களே, அதான் எனக்கு உறுத்துது. இத நீட் பிரச்சினையா பாக்காம உடம்பு பிரச்சினையா பாருங்க. பக்கத்துல உக்காந்து, "செத்துப் போகலாம்னு தோணுதாடா"ன்னு நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. 104க்கோ 14416க்கோ ஃபோன் பண்ணா கவுன்சலர் பேசுவாங்க, காசு கிடையாது, நீங்களும் பேசலாம் அவனும் பேசலாம். கவர்மென்ட் ஆஸ்பத்திரில மனநல ஓ.பி. இருக்கு, ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. இத இந்த வாரமே பண்ணுங்கம்மா, அடுத்த டெஸ்ட் வரைக்கும் காத்திருக்க வேணாம்.

பொண்ணு 158 மார்க்கு. நீட் பாஸ், சீட்டுக்கு நாங்க பொறுப்புன்னு ஒருத்தர் அட்வான்ஸ் கேக்கறார்.
– ஒரு அப்பா, பல்லடம்

குடுக்காதீங்க சார். பாஸ்ங்கறதுக்கு கவுன்சிலிங்ல கலந்துக்கலாம்ங்கறது மட்டும்தான் அர்த்தம். 2025ல பொதுப் பிரிவுக்கு 144 எடுத்தாலே தகுதி, எழுதின 22 லட்சம் பேர்ல 12 லட்சத்துக்கு மேல தகுதி, எம்.பி.பி.எஸ். சீட்டு இந்தியா பூராவும் ஒண்ணேகால் லட்சம் சுமாருக்குத்தான். கவர்மென்ட் காலேஜ் சீட்டுல 15 சதவீதம் அகில இந்திய கவுன்சிலிங், மிச்சம் 85 நம்ம மாநில செலக்‌ஷன் கமிட்டி. மேனேஜ்மென்ட் சீட்டும் டீம்டு யுனிவர்சிட்டி சீட்டும்கூட கவுன்சிலிங் வழியாதான். தனியா ஒருத்தர் பைல வெச்சுக்கிட்டு விக்கிற சீட்டுன்னு எதுவும் கிடையாது.

மூணாவது தடவை எழுதலாமா அக்கா? இப்போ 480.
– ந., காரைக்குடி

வயசு உச்சவரம்பும் இல்ல, எத்தனை தடவைங்கற கணக்கும் இல்ல, எழுதலாம். ஆனா முடிவு பண்றதுக்கு முன்னாடி போன பேப்பர எடுத்து நான் பண்ண மாதிரி பிரிச்சுப் பாரு. பெரும்பாலும் 'வா', 'க', நேரம் பத்தாததுன்னு வந்தா இன்னொரு வருஷம் போடுறதுல அர்த்தம் இருக்கு. ரெண்டு வருஷம் படிச்சும் பாதிக்கு மேல 'தெ'தான்னா, படிக்கிற விதத்த மாத்தாம அதே ஹாஸ்டல்ல அதே பெஞ்சுல இன்னொரு வருஷம் உக்காந்து என்ன ஆகப் போகுது? எழுதறதா இருந்தாலும் ஒரு டிகிரில சேந்துக்கிட்டே எழுது. என் ஃப்ரெண்டு ஒருத்தி மூணாவது தடவை எழுதும்போதே பி.எஸ்சி. நர்சிங்ல சேந்தா, இப்போ ஐ.சி.யூ.ல ஸ்டாஃபா இருக்கா, வென்டிலேட்டர் செட்டிங் எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதான்.

எக்ஸாம் அன்னைக்கு என்ன செய்யணும்?
– நிறைய பேர்

ரெண்டு மணிலேருந்து அஞ்சு மணி, நம்ம ஊர்ல சாப்பிட்டுக் கண்ணு சொக்குற நேரம். அதனால கடைசி ரெண்டு மாசம் மாக் டெஸ்ட் எல்லாத்தையும் ரெண்டுலேருந்து அஞ்சுதான் எழுதினேன், மதிய வெக்கைல ஃபேன் மட்டும் போட்டுக்கிட்டு. முதல் ரெண்டு தடவை ஓ.எம்.ஆர். மேலயே தூங்கிட்டேன். மதியச் சாப்பாடு ரசம் சாதம், அரை வயிறு. வாட்ச் கட்டிட்டுப் போக முடியாது, ஹால்ல இருக்கற கடிகாரத்த நம்பித்தான் எழுதணும், வீட்டுலயும் அப்படியே பழகுங்க. பேனா அவங்களே குடுப்பாங்க, கருப்பு பால் பாயின்ட், அதனால வீட்டுலயும் அதுலயே வட்டம் போட்டுப் பழகுங்க, ஒரு தடவை போட்டா போட்டதுதான், அழிக்க முடியாது. ஒன்றரைக்கு கேட்ட சாத்திடுவாங்க, ஒன்றரை ஒரு நிமிஷத்துக்கு ஓடி வந்த பொண்ண நான் 2019ல பாத்தேன், அவ அப்பா கேட்ட பிடிச்சுட்டு நின்னது இன்னும் கண்ணுல நிக்குது. முந்தின நாளே சென்டர ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க. கம்மல், மூக்குத்தி எல்லாம் வீட்டுலயே கழட்டி வெச்சுட்டுப் போங்க, அரைக்கை சட்டை, செருப்பு.

ஓ.எம்.ஆர்.ல ஒரு பக்கம் முடிச்சா அந்தப் பக்கத்த உடனே ஷேட் பண்ணிடுவேன். கடைசில மொத்தமா பண்ணிக்கலாம்னு வெச்சதுலதான் அந்த ரெண்டு 'வ' வந்துச்சு.

அந்த தப்பு நோட்டு இப்போ எங்க இருக்கு அக்கா? போட்டோ போடுங்க ப்ளீஸ்.
– ஐ.மு., திருவாரூர்

போன மாசம் லீவுல போனப்போ நானும் தேடினேன் பாப்பா. கடைல இருக்கு. கடைசி நாப்பது பக்கம் காலியா இருக்கேன்னு அப்பா அதுல பற்று எழுதிட்டு இருக்காரு. எதிர் வீட்டு அத்தை, பச்சரிசி ரெண்டு கிலோ, துவரம் பருப்பு அரை கிலோ, ஓரத்துல 'ம'ன்னு போட்டிருக்காரு. என்னப்பா இதுன்னா, மறந்துட்டாங்களாம்.